இன்னும், போச்சு, ம்

பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சித்தி சொல்லும் முதல் வார்த்தை, "போய்ச் சட்டையை மாத்து" என்பதுதான். சாப்பிட்டியா, இன்னைக்கு யார் உன்னை வெளியே நிறுத்தினாங்க என்பதெல்லாம் அதற்கப்புறம். எங்கள் சீருடைச் சட்டை வெள்ளை. சித்திக்கு வெள்ளை ஆகாது.

ஆகாததற்குக் காரணம் அவள் வேலை. ஆஸ்பத்திரிக்கு அடித்தளத்தில் சலவைக்கூடம். துவைத்து உலர்த்தி வண்டியில் தள்ளிக்கொண்டு வருகிற படுக்கை விரிப்புகளைப் பெரிய மேசையில் விரித்துப் போட்டுக் கறை பார்க்க வேண்டும். தலைக்கு மேலே வரிசையாக டியூப்லைட், கண்ணுக்குக் கீழே வெள்ளைத் துணி, நடுவில் சித்தி. ரத்தம் முழுதாகப் போகாமல் எங்கேயாவது லேசாக ரோஸ் தட்டியிருந்தால் உடனே இழுத்து இடப்பக்கக் கூடையில் போட்டுவிட வேண்டும். அது மறுபடி மெஷினுக்கு. சுத்தமாக இருந்தால் வலப்பக்கம், மடிக்கிறவர்களுக்கு. பகல் பூராவும் இதுதான். அதுவும் நின்றுகொண்டே. உட்கார்ந்தால் மேசையின் அந்த ஓரம் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு தரையில் படுப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கைத்தையல் வேலையை எடுத்துக்கொள்வாள். நான் கூட வாயை மூடிக்கொண்டு இருப்பேன். எங்கள் வீட்டில் அது பெரிய மரியாதை.

சித்தி பிளஸ் டூ பாதியில் படிப்பை விட்டவள். அக்காவுக்குக் குழந்தை பிறந்தது, அக்கா படுக்கையில் விழுந்துவிட்டாள், குழந்தையைப் பார்க்க ஆளில்லை. ஒரு மாசம் லீவு என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் குழந்தை ரொம்ப அழுமாம், யார் தூக்கினாலும் நிற்காதாம், சித்தி தூக்கினால் மட்டும் சட்டென்று நின்று அவள் தலைமுடியைப் பிடித்து இழுக்குமாம். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. குழந்தைக்கு இப்போது பதினேழு வயது. வகுப்பில் வாலு என்று பெயர். இதை எழுதிக்கொண்டிருப்பதும் அதுதான்.

நடுவில் சித்திக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது, நின்றும் போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் எழுதப் போவதில்லை.

சலவைக்கூடத்திலிருந்து லிஃப்டுக்குப் போகிற வழியில் ரத்தப் பரிசோதனைக் கூடம். கண்ணாடிக் கதவு. ஒருநாள் விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது லிஃப்ட் வர நேரமாகி, சித்தி அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தபடி நின்றிருக்கிறாள். வந்து என்னிடம் சொன்னாள்:

"அங்க எல்லாரும் உக்காந்து வேலை செய்றாங்கடி."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. உக்காந்து செய்றாங்க."

அப்புறம் விசாரித்தாள். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களில் இரண்டு பேரை உதவியாளர் பயிற்சிக்கு எடுப்பார்கள். அறிவியல் பாடங்களோடு பிளஸ் டூ பாஸ் பண்ணியிருக்க வேண்டும், வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. இவளைத் தவிர அதற்கு ஒருத்தர்தான் கேட்டிருந்தார். "பாஸ்னு ஒரு பேப்பர் கொண்டா, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று மேற்பார்வை அம்மா சொல்லிவிட்டார்கள். சித்திக்கு அப்போது முப்பத்து நாலு. இந்த வருஷம் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணினால் உண்டு. இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை இடம், வலம்தான்.

தனித்தேர்வராகப் பணம் கட்டினாள். எங்கள் வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு பேர் பிளஸ் டூ. ஒருத்திக்கு ஆறு பாடத்துக்கு ஆறு வாத்தியார். இன்னொருத்திக்கு ஒரு பழைய போன்.

மாடிப்படிதான் அவள் வகுப்பறை. உள்ளே தையல் மெஷின் ஓடும் என்பதால் வேலை முடிந்து, காலைத் தூக்கி வைத்து, டீ குடித்து, அப்புறம் இரண்டாவது மாடித் திருப்பத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஏறி இறங்குகிறவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு போவார்கள். "என்னம்மா, கலெக்டருக்கா?" என்று மேல்வீட்டுக்காரர் தினமும் கேட்பார். தினமும் அதே ஜோக். சித்தி தினமும் அதே மாதிரி சிரித்துவைப்பாள். போனில் ஒரு ஆள் கரும்பலகைக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டே பாடம் நடத்துவார். அவருக்குப் போன் வாத்தியார் என்று பெயர் வைத்தேன்.

அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை.

"வாத்தியார் இல்லாம என்னடி படிப்பு?"

"இவ வாத்தியார் வச்சுத்தானேக்கா படிக்கிறா?" என்று சித்தி என்னைக் காட்டுவாள். அம்மா திரும்பி மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஆரம்பத்தில் என்னிடம் சந்தேகம் கேட்டுப் பார்த்தாள்.

"மின்தூண்டல்னா உங்க சார் எப்படிச் சொன்னாரு?"

"நோட்ஸ் சொன்னாரு."

"அதுக்கப்புறம்?"

"மணி அடிச்சுது."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டேனே. பாத்ரூம் போகலாமான்னு."

அதோடு என்னைக் கைகழுவிவிட்டாள். கொஞ்ச நாளில் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது. நான் படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். ஒரே இடத்தை நாலு தடவை, ஐந்து தடவை ஓட விட்டுக் கேட்பாள். "இவரை நான் நிறுத்தலாம், பின்னாடி தள்ளலாம். மூஞ்சியே சுளிக்க மாட்டாரு. உங்க சாரை அப்படி நிறுத்த முடியுமா?" என்பாள்.

"எங்க சாரை யாரும் நிறுத்த வேண்டாம் சித்தி. அவரே நின்னுடுவாரு."

நான் சொன்னது கெமிஸ்ட்ரி சாரை. வகுப்பில் அவருக்குக் கொட்டாவி சார் என்று பெயர். நோட்ஸ் சொல்லிக்கொண்டே வருவார், ஒரு வாக்கியத்தின் நடுவில் கொட்டாவி வரும், கொட்டாவி முடிந்ததும் வேறு வாக்கியத்தில் இறங்குவார். நாங்களும் அப்படியே எழுதிக்கொள்வோம். சின்ன வயதுதான், சித்தியைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும். வீட்டில் இரட்டைக் குழந்தை. காலையில் ஒரு டியூஷன் சென்டர், சாயங்காலம் இன்னொன்று, நடுவில் நாங்கள். லேபில் எங்களுக்கு எந்தக் கஷ்டமும் கிடையாது. எத்தனை மில்லி வரும் என்பதை அவரே சொல்லிவிடுவார். நாங்கள் அதற்குப் பக்கத்து எண்களாக ஆளுக்கு ஒன்றை எழுதிக்கொள்வோம், எல்லோரும் ஒரே எண்ணை எழுதினால் நன்றாக இருக்காது என்பதற்காக. கண்ணாடிக் குழாய்கள் பூராவும் சுத்தமாகவே இருந்தன.

அதில் நான் மட்டும் ஒரு உண்மையான பரிசோதனை செய்தேன். டீச்சர்கள் கை கழுவும் வாளியில் பினாப்தலீன் கரைசலைக் கொஞ்சம் ஊற்றி வைத்தேன். பார்த்தால் வெறும் தண்ணீர்தான். சோப்பில் காரம் இருக்கிறது, காரம் பட்டால் பினாப்தலீன் ரோஸாகிவிடும். இங்கிலீஷ் மிஸ் சோப்புப் போட்டுக் கழுவக் கழுவக் கை ரோஸாகிக்கொண்டே போக, அவர் இன்னும் சோப்புப் போட, அது இன்னும் ரோஸாக, கடைசியில் ஹெட்மாஸ்டர் அறை. தண்டனை: தேர்வு முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் லேபில் வந்து எல்லாவற்றையும் கழுவி அடுக்க வேண்டும். யாரும் தொடாத சாமான்களைக் கழுவுவதில் ஒரு சௌகரியம், வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

தனித்தேர்வர்களும் செய்முறைக்காக ஏதாவது ஒரு பள்ளியில் வந்து செய்து காட்டி, அங்கிருக்கும் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி. சித்திக்கு எங்கள் பள்ளிதான் கிடைத்தது. அதே சனிக்கிழமைகள். அதே லேப். அதே கொட்டாவி சார்.

முதல் சனிக்கிழமை காலை ஷிஃப்டை முடித்துவிட்டு நேராக வந்தாள். சாரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிற மாதிரி நின்றாள், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவள். சார் அவளை யாரோ மாணவியின் அம்மா என்று நினைத்துவிட்டார்.

"உங்க பொண்ணு பேர் என்னம்மா?"

"நான்தான் சார் பொண்ணு" என்றாள் சித்தி. நான் சாமான் கழுவும் தொட்டியடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அமிலத்தில் காரத்தைச் சேர்க்கும் பயிற்சி. தாங்கியில் நிற்கும் நீளக் கண்ணாடிக் குழாய் பியூரெட், அதில் காரம். கீழே கூம்புக் குடுவையில் அமிலம், அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன். குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு. பியூரெட்டின் திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையை ஆட்டிக்கொண்டே வர வேண்டும். அமிலம் முழுதும் தீர்ந்த அந்த ஒரு சொட்டில் குடுவை லேசான ரோஸாகி, அப்படியே நிற்கும். அதுதான் முடிவு. அதற்கு ஒரு சொட்டு முன்னாலும் தப்பு, பின்னாலும் தப்பு.

சித்தி பியூரெட்டைக் கழுவின விதத்தைப் பார்த்துச் சார் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். கரைசலை ஊற்றினாள், காற்றுக் குமிழியை வெளியேற்றினாள், கண்ணை அளவுக்கு நேராக வைத்துப் படித்தாள். எல்லாம் போன் வாத்தியார் செய்த மாதிரியே. சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சொட்டு விழுந்தது. ரோஸ் வந்தது. சித்தி நிறுத்தவில்லை. அடர்ந்த ரோஸ். நிறுத்தவில்லை. குடுவை பூராவும் கண்ணைப் பறிக்கும் வாடாமல்லி நிறம். இன்னும் விட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, எங்க போறீங்க?"

"இன்னும் வரலையே சார்."

"என்ன வரலை?"

"ஆரஞ்சு."

சார் எழுந்தே விட்டார். "யாரும்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"நானேதான் சார். வீடியோல பார்த்தேன். நல்லாத் தெரியும் சார், எத்தனை தடவை பார்த்திருக்கேன். லேசா ஆரஞ்சு வரும்."

"புத்தகத்துல இளஞ்சிவப்புன்னு போட்டிருக்கே?"

"போட்டிருக்கு சார். நான் என் கண்ணால பார்த்ததை நம்பினேன்."

போனைக் கொடுக்கச் சொன்னார். வாங்கி அந்த வீடியோவை ஓட விட்டார். பார்த்தார். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு சித்தியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, உங்க போனுக்கு மஞ்சக்காமாலையா?"

வேலை முடிந்து வந்தால் வெள்ளைத் திரையைப் பார்க்கவே சித்திக்குக் கண் கூசும். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மஞ்சளாக்குகிற பொத்தானைப் போட்டு வைத்திருந்தாள். போட்டது எப்போது என்று அவளுக்கே ஞாபகமில்லை. வெளிர் ரோஸ் அதில் ஆரஞ்சாகத் தெரிந்தது. அது மட்டுமா? நீல உப்பைப் பச்சை என்று படித்திருந்தாள். ஊதாவைப் பழுப்பு என்று படித்திருந்தாள். நிறத்தை வைத்து உப்பைக் கண்டுபிடிக்கிற அத்தனை பாடமும் மஞ்சள் பூசித்தான் அவள் தலைக்குள் ஏறியிருந்தது. நானும் அதே படிக்கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான். எனக்கும் தோன்றவில்லை. நான் நிறத்தையா பார்த்தேன்.

சார் அந்தப் பொத்தானை அணைத்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார். திரை பளீரென்று வெள்ளையானது. சித்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா அந்த ஆளு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அக்கா" என்றார் சார். அவர் அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான் முதல் தடவை. "அவரு பாட்டுக்குச் சிரிச்சுட்டே போயிருவாரு."

"நீங்களுந்தான் சார் உங்க பசங்ககிட்ட ஒண்ணும் சொல்றதில்ல."

என் கையிலிருந்த குடுவை வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. உடையவில்லை. சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"சொல்றதுக்குத் தெம்பில்லக்கா. பொய் சொல்லலை. நைட்டு ரெண்டும் மாத்தி மாத்தி அழுவுது. ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்களும் கஷ்டப்பட வேணாம். எங்க பசங்களுக்குச் சொல்ற மாதிரி உங்களுக்கும் அளவைச் சொல்லிடறேன். எழுதிட்டுப் போயிருங்க. பாஸ் ஆயிரும்."

சித்திக்கும் ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? காலை ஷிஃப்ட் நின்ற கால். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் எடையைப் போட்டாள்.

"பாஸ் ஆகி ஆஸ்பத்திரி லேபுக்குப் போறேன் சார். கையில குழாய் இருக்கும். அதுல யாரோ ஒருத்தரோட ரத்தம் இருக்கும். அதுக்கு யாரு சார் விடை சொல்வாங்க?"

சாருக்கு ஒரு கொட்டாவி வந்துகொண்டிருந்தது. பாதியிலேயே வாயை மூடினார்.

அப்புறம் அவர்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். இப்படி ஒரு வகுப்பு வேறெங்கும் நடந்திருக்காது. சார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் இல்லை என்பார், ஆனால் குறட்டை மாதிரி ஒன்று எனக்குத் தொட்டிவரை கேட்கும். சித்தி பக்கத்தில் நின்று சொட்டு விடுவாள். முடிவு வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றும்போது திருகை மூடிவிட்டு, "சார்!" என்பாள். சார் ஒரே ஒரு கண்ணைத் திறப்பார். குடுவையைப் பார்ப்பார். மூன்று வார்த்தைகளில் ஏதாவது ஒன்று வரும். இன்னும் விட வேண்டும் என்றால் "இன்னும்". தாண்டிவிட்டாள் என்றால் "போச்சு". சரி என்றால் "ம்". கண் மூடிவிடும்.

போச்சு என்பது சீக்கிரமே நின்றுவிட்டது. ஆரஞ்சு வராது என்று தெரிந்த பிறகு அவள் ஏன் தாண்டப் போகிறாள்? புதிதாக வந்த சிக்கல், இன்னும்.

"சார்!"

"இன்னும்."

"சார்!"

"இன்னும்க்கா."

குடுவையில் சொட்டு விழுந்த இடத்தில் ரோஸ் ஒரு நூல் மாதிரி ஓடும், ஆட்டினால் மறைந்துவிடும். அது முடிவு இல்லை. ஆட்டின பிறகும் நின்றால்தான் முடிவு. சித்திக்கு அது தெரியும். வாயால் ஒப்பிப்பாள். ஆனால் அந்த ரோஸ் நூலைப் பார்த்ததும் கை தானாகத் திருகை மூடிவிடும்.

"ஏன்க்கா இவ்ளோ அவசரம்?"

"அவசரம் இல்ல சார். வெள்ளையில ரோஸ் தெரிஞ்சா நிறுத்திடணும். கையை அப்படிப் பழக்கி வச்சிருக்காங்க சார்." சிரிக்க முயற்சி செய்தாள். "அங்க அதை விட்டுட்டா மடிக்கிற பொம்பளைங்க கத்துவாங்க."

வாரா வாரம் இதே. சித்தி சோர்ந்துபோய்க் கூப்பிடுவாள், சார் சோர்ந்துபோய்க் கண்ணைத் திறப்பார். திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அதற்கெல்லாம் இரண்டு பேரிடமும் தெம்பு பாக்கி இருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கண் ஒவ்வொரு தடவையும் திறந்தது. நானே ஒருநாள் சித்தியின் குரலில் "சார்!" என்று தொட்டியடியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "வாலு, ஒழுங்காக் கழுவு" என்றார்.

தேர்வு நெருங்கும்போது, சித்தி கூப்பிட்டால் பாதிக்குப் பாதி "ம்" வந்தது. பாதிதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "தியரி நீங்க பார்த்துப்பீங்க. இதுக்கு மட்டும் கொஞ்சம் நிதானமா இருங்கக்கா" என்றார். அவ்வளவுதான் வாழ்த்து.

செய்முறைத் தேர்வன்று சாரை வேறு பள்ளிக்குத் தேர்வாளராகப் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு வந்தது ஒரு மேடம். கண்டிப்பான முகம், கையில் பேனா. முதல் வேலையாக ஜன்னல்களையெல்லாம் பார்த்துவிட்டு, "யாராவது விடை சொன்னாலோ வாங்கினாலோ பேப்பரை வாங்கிடுவேன்" என்று சொன்னார்கள். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டு மேசை தள்ளிச் சித்தி. சீருடைகளுக்கு நடுவே அவள் ஒருத்திதான் புடவை.

நான் என் குடுவையைப் பார்க்கவே இல்லை. அவளுடையதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுவினாள், ஊற்றினாள், படித்தாள். சொட்டு விட ஆரம்பித்தாள். லேப் பூராவும் அமைதி. ஆட்டினாள், விட்டாள், ஆட்டினாள். ரோஸ் தெரிந்தது. கை திருகை மூடியது. மூடின அதே வேகத்தில், வாய்விட்டு, நன்றாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி,

"சார்!" என்றாள்.

எல்லாத் தலையும் திரும்பியது. அந்த அறையில் சார் என்று ஒருத்தருமே இல்லை.

மேடம் பேனாவை மூடிக்கொண்டு வந்தார்கள். "யாரைக் கூப்பிட்டீங்க?"

சித்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. "யாரையும் இல்ல மேடம்."

"சார்னு கூப்பிட்டீங்களே. வெளியில யாராவது நிக்கிறாங்களா?" மேடம் ஜன்னல்வரை போய் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தரும் இல்லை. இன்னொரு ஜன்னல். அங்கேயும் இல்லை. திரும்பி வந்து கையை நீட்டினார்கள், பேப்பரைக் கேட்கிற மாதிரி. எதையாவது போட்டு உடைத்தால் அந்தக் கை என் பக்கம் வருமா என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது. ஆனால் அதற்குள் சித்தி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"சொல்லிக்கொடுத்த சார், மேடம். முடிவு வந்தா அவரைக் கூப்பிடுவேன். அவர் பார்த்துட்டுச் சரியா தப்பான்னு சொல்வாரு. அப்படியே பழகிடுச்சு. வாய்ல தானா வந்துடுச்சு மேடம். வேணும்னே கூப்பிடலை."

"எங்க வேலை செய்றீங்க?"

"ஆஸ்பத்திரியில. சலவைக்கூடத்துல."

மேடம் அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. சித்தியும் பேப்பரை நீட்டாமல், இழுக்காமல், மேசையில் கையை வைத்தபடி நின்றாள். கெஞ்சுகிறதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மேடத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அவர் இங்க வரமாட்டாரு" என்றார்கள் கடைசியில். குரல் முன்னைவிடத் தாழ்ந்திருந்தது. "நீங்களேதான் பார்த்துக்கணும். இன்னொரு தடவை சத்தம் வந்தா வெளியே அனுப்பிடுவேன்."

மேடம் நகர்ந்தார்கள். சித்தி குடுவையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ரோஸைக் காணோம். வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. இவ்வளவு கேள்வியும் பதிலும் நடந்து முடிவதற்குள் அது மறைந்தே போயிருந்தது.

சித்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு சொட்டு விட்டாள். ஆட்டினாள். ரோஸ் வந்தது. இந்தத் தடவை திருகை விட்டுவிட்டுக் குடுவையை ஓட்டின்மேல் வைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மறைந்தது. இன்னொரு சொட்டு. ஆட்டி வைத்து மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். ரோஸ் போகவில்லை. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு லேசாக, ஆனால் நின்றது. சித்தியின் உதடு மூடியது. ம் என்று சொல்ல உதட்டை மூடினால் போதும்.

அளவைப் படித்து எழுதினாள். அடுத்த தடவைக்குக் குடுவையைக் கழுவப் போனாள்.

தேர்வு முடிந்ததும் அவளுக்கு மதிய ஷிஃப்ட். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டாள்.

"எவ்ளோ வந்துது சித்தி?"

"சொல்ல மாட்டேன்."

"எனக்கு வந்ததோட ஒத்துப் பார்க்கலாம்ல?"

"நீ செய்யவே இல்லடி. என்னையே பார்த்துட்டிருந்தே." கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "தப்பா இருந்தா அது இப்பவே தெரிய வேணாம். வேலைக்குப் போகணும்."

ரிசல்ட் வந்த அன்று சித்திக்கு விடுமுறை. வாரத்துக்கு ஒன்று, அதில்தான் அவள் துணி துவைப்பாள், அதாவது எங்கள் துணியை. அன்று அதைக்கூடச் செய்யாமல், காலைச் சுவரில் வைத்துப் படுத்தவள், கால் சரிந்து விழுந்ததுகூடத் தெரியாமல் தூங்கிப்போயிருந்தாள். நான்தான் போனில் பார்த்தேன். அவள் எண்ணை முதலில் போட்டேன். தியரியில் எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க். கெமிஸ்ட்ரி செய்முறையில் முழு மார்க் இல்லை, அளவு கொஞ்சம் தள்ளித்தான் வந்திருக்கிறது. ஆனால் பாஸ். எல்லாவற்றிலும் பாஸ். நானும் பாஸ். முதலில் யாரும் நம்பவில்லை, மார்க்கைப் பார்த்ததும் நம்பினார்கள்.

அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து போனைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். மேல்வீட்டுக்காரர் எப்படியோ தெரிந்து கதவைத் தட்டினார். "கலெக்டர் எங்கம்மா?" என்று ஆரம்பித்தவரின் கையைப் பிடித்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் நின்று ரகசியக் குரலில் வாழ்த்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போனார்.

சித்தியின் போன் அடித்தது. ஒரே பாய்ச்சலில் எடுத்தேன்.

"அக்கா இருக்காங்களா?" கொட்டாவி சார்.

"தூங்கறாங்க சார். பாஸ் பண்ணிட்டாங்க."

"தெரியும், பார்த்துட்டுத்தான் பண்றேன். அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது சார். எழுப்பட்டுமா?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அடுத்ததும் சேர்ந்துகொண்டது.

"வேணாம், வேணாம்" என்றார் சார் அவசரமாக. "எழுப்பாத. அவங்களா எந்திரிக்கட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். வெயில் ஜன்னல் வழியாக அவள் முகத்தில் விழத் தொடங்கியிருந்தது. திரையை இழுத்துவிட்டு, கொடியில் கிடந்த என் சீருடைச் சட்டையை எடுத்துச் சுருட்டி உள்ளறையில் போட்டேன்.